யாருக்குத் திருப்புமுனை?
அமெரிக்க வரலாற்றையும் சேர்வராயன் மலையையும் முன்வைத்து ஒரு திறனாய்வு

அமெரிக்க வரலாறு நமக்குப் பெரும்பாலும் ஒரு திருப்புமுனைப் பட்டியலாகவே அறிமுகமாகின்றது. 1776-இல் விடுதலைப் பிரகடனம், 1787-இல் அரசியல் சாசனம், 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர், 1863-இல் அடிமை விடுதலை அறிவிப்பு, 1929-இல் பொருளாதார வீழ்ச்சி, 1964-இல் குடிமை உரிமைச் சட்டம் என்று அவ்வரிசை நீளுகின்றது. நமது இறையியற் கல்லூரிகளிலும் இவ்வரிசைக்கு இடமுண்டு. கறுப்பர் இறையியலைக் கற்பிக்கும் ஆசிரியரும், விடுதலையைக் குறித்துப் பிரசங்கிக்கும் போதகரும் இவ்வாண்டுகளை எடுத்தாளுகின்றனர். அப்போது, ஒரு நிகழ்ச்சி திருப்புமுனையாவது அந்நிகழ்ச்சியோடு உடன்பிறந்த பண்பு என்றே எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண்ணம் சரியானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் இதனை ஏற்காட்டின் நடுவிடமான ஒண்டிக்கடையில் நின்று ஆராய விரும்புகிறோம். சேலத்திலிருந்து அங்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரே வளைவில் ஏறுகிறவருக்கு மலையுச்சி எதிர்ப்படுகின்றது. இறங்குகிறவருக்குச் சமவெளி விரிகின்றது. வரலாற்றின் வளைவுகளும் இத்தகையனவே. ஆயினும், அமெரிக்காவைப் பற்றிப் பேச இம்மலையைத் தெரிந்தெடுப்பதற்கு இவ்வுவமை மட்டும் காரணமன்று. அமெரிக்க வரலாற்றின் முதற்பெருந்திருப்பத்தில் பங்குகொண்ட அதே கம்பெனியும் அதே தளபதியுமே சேர்வராயன் மலையின் வரலாற்றையும் திருப்பினர்.

ஒரு கம்பெனி, ஒரு தளபதி

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் எறியப்பட்டது. அது சீனத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கொணர்ந்த தேயிலை. 1770-இல் வங்கத்தைப் பெரும் பஞ்சம் அழித்தது. கம்பெனியின் நிதிநிலையும் சீர்குலைந்தது. அதனைத் தாங்கி நிறுத்துவதற்காகவே பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1773-இல் தேயிலைச் சட்டத்தை இயற்றியது. வரி விதிப்பில் தங்களுக்குப் பங்கில்லை என்று குடியேற்ற மக்கள் கிளர்ந்தனர். இவ்வாறு, அமெரிக்கப் புரட்சியின் தலைவாயிலில் நம் நாட்டை ஆளத் தொடங்கியிருந்த கம்பெனியே நிற்கின்றது.

1781 அக்டோபர் 19 அன்று யார்க் டவுனில் காரன்வாலிஸ் பிரபுவின் படை ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையிலான அமெரிக்கருக்கும் அவர்தம் துணைவரான பிரெஞ்சுக்காரருக்கும் சரணடைந்தது. இது அமெரிக்க வரலாற்றின் மாபெரும் திருப்புமுனை என்று எல்லா நூல்களும் கூறுகின்றன. தோற்ற தளபதியின் வரலாறு அங்கு முடிந்துவிடவில்லை. 1786-இல் அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். மூன்றாம் மைசூர்ப் போரைத் தாமே முன்னின்று நடத்தினார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வாயிலாகத் திப்பு சுல்தானின் ஆட்சிப் பகுதியில் பாதியைப் பறித்தார். பாராமகாலும் சேலமும் அப்போதே கம்பெனியின் கைக்கு வந்தன. சேலத்தைக் காத்து நிற்கும் சேர்வராயன் மலையும் அவற்றோடு வந்தது.

அமெரிக்க மாணவனுக்குக் காரன்வாலிஸ் வரலாற்றை விட்டு வெளியேறும் மனிதர். சேலம் மாவட்டத்து மாணவனுக்கு வரலாற்றுக்குள் நுழையும் மனிதர். இவ்விரு பாடங்களையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமையால், அங்கு முடிந்ததாகச் சொல்லப்படும் பேரரசு இங்கு வேரூன்றியதை நாம் காணத் தவறுகிறோம்.

அமெரிக்காவிலேயேகூட யார்க் டவுன் எல்லாருக்கும் விடுதலையாக அமையவில்லை. அப்பலாச்சிய மலைத் தொடருக்கு மேற்கே வெள்ளையர் குடியேறலாகாது என்று 1763-இல் பிரிட்டிஷ் மன்னரின் அறிக்கை ஒரு வரம்பு வகுத்திருந்தது. அவ்வரம்பு முற்றிலும் காக்கப்படவில்லையெனினும் பூர்வகுடி மக்களுக்கு அது ஓர் அரணாக இருந்தது. 1783-இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானபோது அவர்கள் எவரும் அழைக்கப்படாமலே அவர்தம் நிலங்கள் கைமாறின. குடியேறியவனின் விடுதலை ஆண்டு, பூர்வகுடியின் இழப்பு ஆண்டாயிற்று.

ஏற்காட்டிற்குத் தொடக்கம் எது?

இதே அளவுகோலை ஏற்காட்டு வரலாற்றுக்கும் வைத்துப் பார்ப்போம். சுற்றுலாக் கையேடுகள் பலவும் ஊரின் வரலாற்றை 1820களில் தொடங்குகின்றன. அப்போது சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை இங்குக் கொணர்ந்தார். ஆகையால் அவரே ஏற்காட்டின் தந்தை எனப்படுகிறார். சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1842-இல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்னும் செய்தியும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றது. மன்றோவோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்துபோனார். இறந்து பதினைந்தாண்டு கழிந்த ஒருவர் மலையைக் கண்டுபிடித்ததாக எழுதப்படுவதும், அதனைப் படிப்போர் தடையின்றி ஏற்பதும் எவ்வாறு நேர்கின்றன? ஓர் ஊருக்குத் தொடக்கம் வேண்டுமெனில் அதிகாரி ஒருவர் வந்தே தீரவேண்டும் என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதே காரணம் என்போம். ஆள் கிடைத்துவிட்டால் ஆண்டைச் சரிபார்க்க எவரும் முற்படுவதில்லை.

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் வரலாற்றை வேறு விதமாகச் சொல்கின்றனர். இவர்கள் கேரள நாட்டவர் அல்லர். மலையை ஆளுகிறவர், மலையில் வாழுகிறவர் என்ற பொருளில் இப்பெயர் பெற்ற தமிழ் மக்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பதும், சகோதரர் மூவரில் மூத்தவர் இம்மலையிலும் மற்றவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் தங்கினர் என்பதும் அவர்களுடைய மரபு. மலைக்குப் பெயரளித்த சேர்வராயன் அவர்தம் தெய்வம். அவர்களுடைய திருப்புமுனை ஒரு புறப்பாடு. அதற்கு ஆண்டுக் கணக்கு இல்லை. ஆண்டுக் கணக்கு இல்லாததைக் கதை என்றும், அதிகாரியின் குறிப்பேட்டில் உள்ளதை வரலாறு என்றும் பிரித்துவிடுகிறோம். மன்றோவின் உதாரணம் காட்டுவதுபோல், ஆண்டுக் கணக்கு இருப்பதாலேயே ஒன்று வரலாறாகிவிடாது.

ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் இதற்கு அமைதியான சாட்சி ஒன்று உண்டு. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட்டின் சாம்பல் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளது. ஆறுமுக நாவலரின் துணையோடு திருமறையைத் தமிழில் பெயர்த்தவரும், 1882-இல் ஏற்காட்டிலேயே காலமானவருமான பீட்டர் பெர்சிவலின் மருமகன் அவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவி, இந்நாட்டில் மனிதர் வாழ்ந்த காலத்தைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னே கொண்டு சென்றது. சேர்வராயன் மலையிலேயும் புதிய கற்காலக் கோடரிகளை அவர் சேகரித்தார். 1820களில் மலை 'கண்டுபிடிக்கப்பட்டது' என்னும் கூற்றுக்கு மறுப்பு, ஆங்கிலேயர் எழுப்பிய ஆலயத்தின் நிழலிலேயே உறங்குகின்றது.

காப்பி இம்மலைக்கு யாதொரு நன்மையும் செய்யவில்லை என்று நாம் வாதிக்கவில்லை. பிழைப்பும் பாதையும் பள்ளிகளும் அதனையொட்டி வந்தன. ஆனால் மலையாளிக் குடும்பத்தின் வாழ்வை நேரே தொட்ட ஆண்டுகள் வேறு. 1882-இன் சென்னை வனச் சட்டம் காட்டை 'ரிசர்வ்' ஆக்கியபோது, விறகும் மேய்ச்சலும் புனக்காட்டு வேளாண்மையும் அனுமதிக்கு உட்பட்டவையாயின. 2006-இன் வன உரிமைச் சட்டம், பழங்குடியினருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை அரசே ஒப்புக்கொண்ட சட்டமாகும். இவ்விரண்டு ஆண்டுகளும் சுற்றுலாக் கையேட்டில் இடம்பெறுவதில்லை.

வெற்று நிலம் என்னும் கருத்து

அமெரிக்க வரலாற்றாசிரியருள் திருப்புமுனையைக் கோட்பாடாகவே வகுத்தவர் பிரடெரிக் ஜாக்ஸன் டர்னர். 1893 ஜூலையில் சிகாகோ நகரில் அவர் படித்த கட்டுரை மிகுந்த புகழ் பெற்றது. மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருந்த குடியேற்ற எல்லைப்புறமும், அங்குத் தாராளமாய்க் கிடைத்த நிலமுமே அமெரிக்கனின் தன்னம்பிக்கையையும் ஜனநாயகத்தையும் உருவாக்கின என்பது அவர் முடிவு. எல்லைப்புறம் முடிந்துவிட்டதாக 1890-ஆம் ஆண்டின் மக்கட் கணக்கு அறிவித்ததை அவர் ஒரு யுகத்தின் முடிவாகக் கண்டார்.

டர்னரின் சிறப்பை நாம் மறுக்கலாகாது. மன்னரையும் அதிபரையும் விட்டு, சாதாரணக் குடியானவனின் கோடரியில் அவர் வரலாற்றைத் தேடினார். ஆயினும் அவருடைய கோட்பாடு முழுவதும் 'கிடைத்த நிலம்' என்ற சொல்லின்மேல் நிற்கின்றது. அந்நிலம் எவரிடமிருந்து கிடைத்தது? அதே 1890-இன் டிசம்பர் 29 அன்று உண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா மக்களின் ஆண், பெண், குழந்தைகள் படைவீரரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கணக்கெடுப்பில் முடிவுற்ற எல்லைப்புறம், அங்கு இரத்தத்தில் முடிவுற்றது. காப்பித் தோட்டத்திற்கு முன் சேர்வராயன் மலை வெறுங்காடாய் இருந்தது என்னும் எண்ணமும் டர்னரின் எண்ணத்திற்கு உடன்பிறப்பே.

இதில் திருச்சபைக்கும் பங்குண்டு என்பதை மறைக்கலாகாது. அமெரிக்கன் போர்டு எனப்படும் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் உஸ்டர் செரோக்கி மக்களிடையே ஊழியம் செய்தார். ஜார்ஜியா மாநிலத்தின் உரிமம் பெறாமல் அங்குத் தங்கியமைக்காக 1831-இல் அவருக்கு நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1832-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமும் செரோக்கியர் பக்கமும் தீர்ப்பளித்தும் மாநிலம் அடிபணியவில்லை. முடிவில் அவர் போராட்டத்தைக் கைவிட்டு 1833-இல் விடுதலை பெற்றார். 1838-39-இல் செரோக்கியர் தம் நிலத்தினின்று விரட்டப்பட்டனர்; வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இதே சங்கம் 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் ஊழியத்தைத் தொடங்கியிருந்தது. நமது தென்தமிழ்நாட்டுத் திருச்சபையின் தொடக்க ஆண்டும் செரோக்கியரின் கண்ணீர் ஆண்டுகளும் ஒரே சங்கத்தின் வரலாற்றில் அடுத்தடுத்து நிற்கின்றன. உஸ்டர் சிறை சென்றது திருச்சபையின் பெருமை. இறுதியில் அம்மக்கள் தனித்து நடக்க நேர்ந்தது அதன் துயரம். இரண்டையும் ஒருங்கே கற்பிப்பதே நேர்மை.

பதின்மூன்றாம் திருத்தமும் பதின்மூன்றாம் சட்டமும்

அவ்வாறாயின் திருப்புமுனை என்பதே இல்லை, எல்லாம் பார்க்கிறவன் கண்ணைப் பொறுத்தது என்று முடிவுகட்டலாமா? அது நமது முடிவன்று. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது மெய்யான திருப்பமே. தாயின் கையிலிருந்து குழந்தையைப் பிரித்து ஏலமிடுதல் அதனால் முடிவுக்கு வந்தது. அவ்விடுதலை மேலிருந்து இறங்கிய கொடை மட்டுமன்று என்பதை டு பாய்ஸ் 1935-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் எடுத்துக்காட்டினார். போர்க்காலத்தில் இலட்சக்கணக்கான அடிமைகள் தோட்டங்களை விட்டு வடபுலப் படைகளிடம் ஓடியதை அவர் பொது வேலைநிறுத்தமாகவே கண்டார். 1863-இல் லிங்கன் கையெழுத்திட்ட அறிவிப்புக்கு முன்பே அவர்களுடைய கால்கள் தீர்ப்பெழுதிவிட்டன.

ஆனால், 1865-இல் நிறைவேறிய பதின்மூன்றாம் சாசனத் திருத்தத்தில் ஒரு விலக்கு இருந்தது. குற்றத்திற்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பை அது அனுமதித்தது. தென் மாநிலங்கள் அவ்விலக்கின் வழியாக நாடோடித் திரிதலையும் குற்றமாக்கி, கறுப்பரைக் கைதிகளாக்கி, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டன. 1877-இல் மத்தியப் படைகளின் காவல் விலக்கப்பட்டபின் இக்கொடுமை மிகுந்தது.

நமது நாட்டிலும் இதற்கு இணை உண்டு. கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் 1843-இன் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை நீக்கியது. 1859-இன் பதின்மூன்றாம் சட்டமோ, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் சிறையிலடைக்க வழிசெய்தது. ஒப்பந்தம் உரிமையியல் வழக்காக இராமல், ஏழைக்கு மட்டும் குற்றவியல் வழக்காயிற்று. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் இச்சட்டத்தை நம்பியிருந்தனர்; 1903-இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டமும் வந்தது. 1859-இன் சட்டம் நீக்கப்பட்டது 1925-இல்தான். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் வேலை நேர வரம்பும் சட்டப்படி உரியவை என்றது 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம். காப்பி பறிக்கும் பெண்ணின் பார்வையில் மலையின் வரலாறு எழுதப்படுமானால், காக்பர்னின் ஆண்டுக்கு மேலாக இவ்வாண்டுகள் தடித்த எழுத்தில் நிற்கும்.

மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியாவிற்கு வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டத்தகாத சகோதரர் என்று தம்மை அறிமுகப்படுத்தியதை 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் ஆற்றிய பிரசங்கத்தில் அவர் நினைவுகூர்ந்தார். முதலில் மனம் துணுக்குற்றதாகவும், பின்னர்த் தம் மக்களின் நிலையை எண்ணி அச்சொல் உண்மையே என்று ஏற்றதாகவும் கூறினார். அவர் தெரிந்துகொண்ட நாளைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கர் தம் விடுதலையைக் கொண்டாடும் நாளில், அவ்விடுதலையை ஓர் இந்தியப் பள்ளியின் கண்ணாடியில் அவர் காட்டினார்.

திருமறையின் அளவுகோல்

கறுப்பர் இறையியலுக்கும் தலித் இறையியலுக்கும் யாத்திராகமம் ஊற்றாக விளங்குகின்றது. 1980களில் தலித் இறையியலை முன்வைத்த அரவிந்த் நிர்மல் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தின் விசுவாச அறிக்கையை அடித்தளமாகக் கொண்டார். இது நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். எனினும், ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஆலன் வாரியர் 1989-இல் எழுப்பிய வினாவை நாம் தட்டிக் கழிக்க இயலாது. எகிப்திலிருந்து புறப்பட்டவர் சென்று சேர்ந்த நாட்டில் கானானியர் இருந்தனரே. பூர்வகுடி வாசகன் அக்கதையில் தன்னை எங்கே காண்பான் என்று அவர் வினவினார். அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டானியர் தம்மைப் புதிய இஸ்ரவேலர் என்றே எண்ணினர் என்பதை நினைத்தால் இவ்வினாவின் கூர்மை விளங்கும்.

இதற்கான விடையைத் திருமறையே தொடங்கி வைக்கின்றது. ஆமோஸ் 9:7-இல் ஆண்டவர் இஸ்ரவேலரின் பெருமிதத்தைத் தகர்க்கிறார். எகிப்திலிருந்து இஸ்ரவேலரைக் கொண்டுவந்த தாமே, கப்தோரிலிருந்து பெலிஸ்தரையும் கீரிலிருந்து சீரியரையும் கொண்டுவந்ததாக அவர் சொல்கிறார். பகைவருக்கும் ஒரு யாத்திராகமம் உண்டு. அதனையும் நடத்தியவர் ஆண்டவரே. இந்த வசனத்தின் வெளிச்சத்தில், காஞ்சியிலிருந்து புறப்பட்ட மலையாளி முன்னோரின் கதையைப் பொருளற்ற பழங்கதையென்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

லூக்கா 3-ஆம் அதிகாரமும் நமக்கு வழிகாட்டுகின்றது. திபேரியு இராயன், பொந்தியு பிலாத்து, ஏரோது, அன்னா, காய்பா என்று ஆட்சியாளரின் பெயர்களை அடுக்கிக் காலத்தைக் குறிக்கும் லூக்கா, தேவனுடைய வார்த்தை வனாந்தரத்திலிருந்த யோவானுக்கு உண்டாயிற்று என்று முடிக்கிறார். ஆட்சியாளரின் ஆண்டு நாட்காட்டியாக மட்டும் பயன்படுகின்றது. திருப்பம் வேறோர் இடத்தில் நிகழ்கின்றது.

நமது சபை வரலாறுகள்

இத்திறனாய்வு நம் கையெழுத்துக்கே வந்து சேர வேண்டும். நம் சபைகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்கள் பலவற்றில் வரலாறு எவ்வாறு வகுக்கப்படுகின்றது? மிஷனரி வந்த ஆண்டு, ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய ஆண்டு, பிஷப்மார் பட்டியல், கோபுரத்திற்கு மணி வாங்கிய ஆண்டு ஆகியவையே அதிகாரத் தலைப்புகள். சேலத்தில் லண்டன் மிஷன் 1827-இல் தொடங்கியதையும், தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானதையும் அறிவது இன்றியமையாததே. ஆனால் அவ்வாண்டுகளுக்குள் வாழ்ந்த உபதேசியார் எவர்? வீடுவீடாய்ச் சென்று வேதம் வாசித்த பெண் ஊழியரின் பெயர் என்ன? திருமுழுக்குப் பெற்றதனால் கிணற்றையும் குத்தகை நிலத்தையும் இழந்த குடும்பம் எது? சாதி பாராமல் ஒரே பாத்திரத்தில் இராப்போசனம் பருகிய முதல் ஞாயிறு எப்போது? அது இன்னும் வரவில்லையெனில், அதுவும் எழுதப்பட வேண்டிய வரலாறே.

ஆகவே திருப்புமுனை என்று ஒன்றைக் குறிக்குமுன் ஊழியர் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். இதனை திருப்பம் என்று முதலில் சொன்னவர் யார்? அதே நாளில் இழந்தவர் எவர்? மிகச் சிறியவரின் கட்டு அதனால் உண்மையாகவே அவிழ்ந்ததா, அல்லது வேறு பெயரில் மீண்டும் கட்டப்பட்டதா? 1776-ஐயும் 1863-ஐயும் இவ்வினாக்களால் சோதிக்கும் மாணவன், தன் சபையின் மலரையும் அவற்றால் சோதிக்கக் கற்றுக்கொள்வான்.

மலைச் சபைகளில் பணியேற்கும் இளம் போதகருக்கு நாம் சொல்ல விரும்புவது எளிது. திருமுழுக்குப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் வரிவரியாய்ப் படியுங்கள். தோட்டத்து லயன் வீடுகளில் மூத்த பெண்களிடம், எந்த ஆண்டை அவர்கள் மறப்பதில்லை என்று கேளுங்கள். சந்தைக்கும் பேருந்துக்கும் ஒண்டிக்கடைக்கு வரும் மலையாளிப் பெரியவர்களிடம், அவர்தம் முன்னோர் மலையேறிய கதையைச் செவிகொடுத்துக் கேளுங்கள். அதனை மதம் மாற்றும் நோக்கமின்றி, ஆமோசின் வசனத்தை நினைத்தவர்களாய்க் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அடுத்த நூற்றாண்டு மலரின் முதல் அதிகாரம் அங்கிருந்து தொடங்கட்டும்.